வேற இடம்னா, எந்த இடம்?

சின்ன வாக்கியம்தான். நீங்களும் எப்போதாவது சொல்லியிருப்பீர்கள்.

'அதெல்லாம் வேற இடத்துக்குப் போயிடும், விடுங்க!'

ரோட்டை அகலப்படுத்த புளியமரத்தை வெட்டும்போது, அதில் அடைகிற காக்காய்களைப் பற்றி இப்படிச் சொல்வோம். பிளாட்பாரத்தில் இட்லிக்கடை போட்டிருந்த அம்மாவைச் சட்டிபானையோடு கிளப்பிவிடும்போது, அவரைப் பற்றியும் இதையேதான் சொல்வோம். சொன்னவுடன் மனசு லேசாகிவிடும். சிக்னல் விழுந்ததும் வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விடலாம்.

இந்த வாக்கியத்தை நான் எந்த உறுத்தலும் இல்லாமல் கடைசியாகச் சொன்னது 2014-ம் வருஷம் பங்குனி மாதத்தில்.

அதற்கு ரெண்டு வருஷம் முன்னால்தான் தென்சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தேன். மாதச் சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகிற விலை. இருபது வருஷ லோன். பட்டா, வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் பேங்க் வக்கீல் பார்த்து 'ஓ.கே' சொல்லியிருந்தார். பின்பக்க பால்கனியைத் திறந்தால் ஏழெட்டு கிரவுண்டு காலி மனை. பத்திரத்தில்தான் அது மனை. வருஷத்தில் பாதி நாள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், கோரை மண்டிக் கிடக்கும்.

எனக்குப் பறவையெல்லாம் தெரியாது சார். படிச்சது பி.காம். காக்காய், குருவி, கிளி, கொக்கு... இந்த நாலோடு என் ஞானம் முடிந்துவிடும். அந்த மனையில் என்னென்ன இருந்தது என்று எனக்குச் சொன்னவர் அப்பா.

அப்பா தஞ்சாவூர் பக்கம் தாலுகா ஆபீஸில் முப்பத்தஞ்சு வருஷம் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா போன பிறகு ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிட்டார். வந்த மறுநாளே பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்தார். ரூல் போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். 'நாமக்கோழி 14. நெடுங்கால் உள்ளான் 9. மடையான் 3. நீலத் தாழைக்கோழி 2, குஞ்சு 4.' பென்ஷன் வாங்குகிறவர்தான் என்றாலும் ரெஜிஸ்டர் எழுதாத நாள் அவருக்கு நாளாகத் தோன்றாது.

அந்தப் பங்குனியில் ஒருநாள் காலை லாரிகள் வந்தன. இடித்த கட்டடங்களின் செங்கல், காரை எல்லாவற்றையும் கொண்டுவந்து தண்ணீரில் கொட்டினார்கள். முதல் லோடு விழுந்ததும் அத்தனை பறவையும் எழும்பி ஒரு சுற்று சுற்றி, மனையின் இன்னொரு மூலையில் உட்கார்ந்தன. அங்கே ரெண்டாவது லோடு விழுந்தது. மறுபடியும் எழும்பின.

''இதெல்லாம் எங்கடா போகும்?'' என்றார் அப்பா.

நான் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டே, ''வேற இடத்துக்குப் போயிடும்ப்பா'' என்றேன்.

''எந்த இடத்துக்கு?''

பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பாவே சொன்னார். ''என் சர்வீஸ்ல எத்தனையோ டிரான்ஸ்ஃபர் ஆர்டர் எழுதியிருக்கேன். எந்த ஊருக்குன்னு போடாம ஒரு ஆர்டர்கூட வெளியில போனதில்லை. ஊர் பேர் போடாம ஒருத்தனை அனுப்பினா, அது டிரான்ஸ்ஃபர் இல்லைடா. டிஸ்மிஸ்!''

அன்றைக்கு ஆபீஸில் எனக்கு வேலை ஓடவில்லை. 'எந்த இடத்துக்கு?' என்ற கேள்வியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. படித்ததில் கொஞ்சத்தை உங்களிடமும் சொல்கிறேன்.

முதலில் பங்குனியைப் பற்றி. வசந்தம் என்றால் வெளிநாட்டில் பறவைகள் வந்து சேருகிற காலம். டெலஸ்கோப்பும் ஃபிளாஸ்க்கில் டீயுமாகக் கடலோரச் சதுப்பில் காத்துக் கிடப்பார்கள், கல்யாண வீட்டு வாசலில் சம்பந்தியை எதிர்பார்த்து நிற்கிற மாதிரி. நமக்கு அது வழியனுப்பு விழா. ஐப்பசி, கார்த்திகையில் கோடியக்கரைக்கும் பள்ளிக்கரணைக்கும் பழவேற்காட்டுக்கும் வந்து இறங்கியவை, மாசி பங்குனியில் மூட்டை கட்டுகின்றன. மூட்டை என்றால் கொழுப்பு மூட்டை. இரவு பகலாகத் தின்று உடம்பை ஏற்றிக்கொண்டு வடக்கே கிளம்பும். சில உள்ளான்களுக்கு சைபீரியாவில்தான் பிரசவம்.

இதில் நாம் கவனிக்கத் தவறுகிற விஷயம் ஒன்று உண்டு. பறவைக்குப் புறப்படுகிற இடமும் போய்ச் சேருகிற இடமும் மட்டும் போதாது. நடுவில் சாப்பாட்டுக்கு நிறுத்த ஓர் இடம் வேண்டும். 2007-ல் நியூஸிலாந்தில் ஒரு பெண் பறவைக்கு, பட்டைவால் மூக்கன் என்கிற ஜாதி, உடம்பில் சாட்டிலைட் கருவி பொருத்தி 'ஈ7' என்று பெயர் வைத்தார்கள். மார்ச்சில் கிளம்பியது. சுமார் 10,000 கிலோமீட்டர். ஒரு வாரத்துக்கும் மேலே தரையே தொடாமல் பறந்து, சீனாவும் வட கொரியாவும் சந்திக்கிற யாலு ஆற்று முகத்துவாரத்தில் இறங்கியது. அங்கே சில வாரங்கள் சேற்றைக் கிளறிச் சாப்பிட்டு, அதற்கப்புறம் அலாஸ்காவுக்குப் போனது.

யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் பட்டினியாகப் பறந்து வருகிற பறவை, இறங்குகிற நாளில் அந்த ஹோட்டல் மூடியிருந்தால்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. நடந்தது.

தென் கொரியாவின் மேற்குக் கரையில் சேமங்கம் என்று ஓர் இடம். ரெண்டு ஆறுகள் மஞ்சள் கடலில் கலக்கிற முகத்துவாரம். கடல் உள்வாங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றில் கோடானுகோடி சிப்பிகள். ஆஸ்திரேலியாவிலிருந்து 5,000 கிலோமீட்டருக்கும் மேல் ஒரே மூச்சில் பறந்து வருகிற 'கிரேட் நாட்' என்ற உள்ளான் வகைக்கு, வசந்தகாலச் சத்திரம் இதுதான். கோடியக்கரைப் பக்கமும் எப்போதாவது தலைகாட்டுகிற பறவை அது.

1991-ல் அந்தக் கடலை அடைத்துச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். விளைநிலம் வேண்டும் என்பதுதான் முதலில் சொன்ன காரணம். நீளம் 33 கிலோமீட்டருக்கும் மேல், உலகத்திலேயே நீளமான கடற்சுவர். உள்ளே மாட்டிக்கொண்ட பரப்பு சுமார் 400 சதுர கிலோமீட்டர். எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 2003-ல் புத்த பிட்சு, கத்தோலிக்கப் பாதிரியார், புராட்டஸ்டன்ட் போதகர், வோன் புத்த சமயத் துறவி என நாலு பேர் சேமங்கத்திலிருந்து தலைநகர் சோல் வரைக்கும் நடந்தார்கள். சும்மா நடக்கவில்லை. மூன்று அடி வைத்து ஒருமுறை தரையில் விழுந்து வணங்கி, மறுபடி மூன்று அடி. ஏறக்குறைய 300 கிலோமீட்டர், 65 நாள். நம்ம ஊர் அங்கப்பிரதட்சணம் தெரிந்தவர்களுக்கு அந்த முழங்கால்களின் வலி புரியும்.

2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 'கட்டலாம்' என்றது. ஏப்ரலில் சுவரின் கடைசி இடைவெளியையும் அடைத்துவிட்டார்கள்.

பறவைகள்? அதே பதில்தான். பக்கத்தில் வேறு சேற்றுவெளிகள் இருக்கின்றன. போய்விடும்.

இங்கேதான் கொரியாவையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். கோஷம் போடுவதை நிறுத்திவிட்டு எண்ண ஆரம்பித்தார்கள். 2006, 2007, 2008. மூன்று வசந்தமும் சேமங்கத்திலும் அக்கம்பக்கத்து முகத்துவாரங்களிலும் தலை எண்ணினார்கள். மூன்றே வருஷத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் குறைந்திருந்தன. அதிகம் அடிபட்டது கிரேட் நாட். காணாமல் போன கணக்குக்கு ஈடாக மற்ற இடங்களில் கூடவில்லை. சரி, ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டதோ என்று பார்த்தால் அங்கேயும் எண்ணிக்கை விழுந்திருந்தது.

பி.காம் முதல் வருஷத்தில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான். ஒரு கணக்கிலிருந்து ஒரு தொகை வெளியே போனால், வேறு ஏதாவது ஒரு கணக்கில் அது வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இங்கே பற்று என்றால் அங்கே வரவு. 'மாற்றிட்டேன் சார்' என்று கேஷியர் சொன்னால் போதாது, எந்த லெட்ஜரில், எந்தப் பக்கத்தில் என்று காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அந்தத் தொகை மாறவில்லை. தொலைந்துவிட்டது. வாராக்கடன் என்று எழுதித் தள்ளுபடி செய்ய வேண்டியதுதான்.

சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 2015-ல் கிரேட் நாட், அழிவின் விளிம்பை நெருங்கும் பறவைகளின் வரிசைக்குத் தள்ளப்பட்டது. அப்பா டிஸ்மிஸ் என்று சொன்னதைத்தான் நாங்கள் ரைட்-ஆஃப் என்போம்.

'கொரியாவில் எண்ணியது கும்பலைத்தானே? ஒரு தனிப் பறவை நிஜமாகவே வேற இடத்துக்குப் போனால் பிழைத்துக்கொள்ளாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதையும் பார்த்திருக்கிறார்கள்.

பிரிட்டனில் வேல்ஸின் தலைநகர் கார்டிஃப். அங்கே துறைமுகத்தை அழகுபடுத்த, ஓதம் ஏறி இறங்கும் விரிகுடாவை 1999 நவம்பரில் அணை போட்டு ஏரியாக்கினார்கள். குளிர்காலத்தில் அந்தச் சேற்றில் மேய்ந்த பவளக்காலிகளுக்கு - நம்ம கோடியக்கரைக்கும் வருகிற அதே சிவப்புக்கால் பறவைதான் - காலில் கலர் கலராக வளையம் மாட்டியிருந்தார்கள். அதனால் எது எங்கே போனது என்று தெரிந்தது. நிறைய பறவைகள் சில கிலோமீட்டர் தள்ளி, ரிம்னி ஆற்று முகத்துவாரத்துக்குப் போயின. ஆக, விலாசம் கிடைத்துவிட்டது!

ஆனால், போன பறவைகள் மெலிந்துவிட்டன. அணை கட்டுவதற்கு முன்னால் வளர்ந்த பவளக்காலிகள் நூறில் சுமார் 85 அடுத்த வருஷம் உயிரோடு இருந்தன. இடம் மாறிய பிறகு அது 78 ஆயிற்று. 2006-ல் இந்த ஆய்வு வெளியானது. ஏழு பறவைதானே வித்தியாசம் என்று தோன்றும். சாவு விகிதமாக மாற்றிப் பாருங்கள். 15 பேர் சாகிற இடத்தில் 22 பேர். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. அதுவும் ஒரு வருஷத்தோடு முடிகிற நஷ்டம் இல்லை. கூட்டு வட்டி மாதிரி வருஷா வருஷம் ஏறும்.

நஷ்டஈடாக கார்டிஃபிலிருந்து கொஞ்ச தூரத்தில் 400 ஹெக்டேருக்கும் மேலான ஈரநிலம் ஒன்றை உருவாக்கி 2000-ல் திறந்தார்கள். நல்ல இடம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனால், அங்கே இருப்பது பெரும்பாலும் நாணல் காடும் குளங்களும். உப்புச் சேற்றில் புழு தோண்டித் தின்கிறவனுக்கு நல்ல தண்ணீர்க் குளம் கொடுத்தால், டெய்லருக்கு டிரான்ஸ்ஃபர் கொடுத்து டாக்ஸி ஓட்டச் சொன்ன மாதிரிதான்.

ஏன் இப்படி ஆகிறது? ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி எக்மோரில் அன்ரிசர்வ்டு கோச்சில் ஏறியிருக்கிறீர்களா? உங்கள் பெட்டியை ரயில்வே கழற்றிவிட்டது என்று வையுங்கள். 'அடுத்த பெட்டியில ஏறிக்கோங்க' என்கிறார்கள். அடுத்த பெட்டி காலியாகவா இருக்கும்? அங்கே ஏற்கெனவே லக்கேஜ் கேரியரில் ஆள் படுத்திருப்பார். 'வேற இடம்' என்று நாம் கை காட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ஏற்கெனவே யாரோ குடியிருக்கிறார்கள். சாப்பாடும் அவர்களுக்குத்தான் சரியாக இருக்கிறது. கடல் உள்வாங்குகிற சில மணி நேரம்தான் பந்தி. தண்ணீர் ஏறிவிட்டால் இலை எடுத்துவிடுவார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம்.

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்திருந்ததாகச் சொல்கிறார்கள். சதுப்பாகவே மிஞ்சியிருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். குப்பைக் கிடங்கு, ரோடு, ரயில், கம்பெனிகள், என்னைப் போன்ற ஃபிளாட்காரர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொண்டது போக மீதி. 2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடு ஆக்கினார்கள். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. சந்தோஷம். அதற்கு முன்னால் பல காலம் அரசாங்கத் தாளில் இதுமாதிரி நிலங்களுக்கு என்ன பெயர் தெரியுமா? கழுவெளி, புறம்போக்கு, தரிசு. அப்பா சொல்வார், ''தரிசுன்னு எழுதிட்டா போதும்டா. அங்க யாரும் இல்லைன்னு அர்த்தம். யாரும் இல்லைன்னா யாரையும் கேட்க வேண்டாம்.''

அதே சதுப்பின் ஓரத்தில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பெரிய பெரிய குடியிருப்புகள் இருக்கின்றன. பெரும்பாக்கத்தில் மட்டும் சுமார் 20,000 வீடுகள். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை, நகரத்தின் நடுவிலிருந்து கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினார்கள். 'அவங்களுக்குத்தான் வேற இடம் கொடுத்தாச்சே' என்று நாம் நிம்மதியானோம். அவர்களுக்கு விலாசம் இருந்தது, கதவு நம்பர்கூட இருந்தது. ஆனால், வீட்டு வேலைக்குப் போன அம்மா இருபது கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறணும். பையன் படித்த ஸ்கூல் பழைய இடத்தில். வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள், செம்மஞ்சேரியில் மழைக்காலத்துக்கு மழைக்காலம் தண்ணீரில் நிற்கிறார்கள். கார்டிஃப் பவளக்காலி ஞாபகம் வருகிறதா? போய்ச் சேர்ந்தோம் என்பதும் பிழைத்தோம் என்பதும் ஒன்றில்லை.

பறவையையும் மனுஷனையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்று கோபப்படாதீர்கள். நான் வைக்கவில்லை. நம்முடைய வாக்கியம்தான் ரெண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கிறது.

'சரி சார், அப்ப யாருமே வீடு கட்டக் கூடாதா? நீங்க மட்டும் ஃபிளாட்ல உட்கார்ந்துக்கிட்டு உபதேசம் பண்றீங்களே?'

கேளுங்கள். இந்தக் கேள்வியை நானே என்னிடம் நிறைய தடவை கேட்டிருக்கிறேன். என் வில்லங்கச் சான்றிதழில் முப்பது வருஷத்துக் கதை இருக்கிறது. அதற்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்கள் பட்டா கேட்கிற ஜாதி இல்லை. சட்டப்படி நான் சுத்தம். நியாயப்படி? யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை என்பதால் மட்டும் நான் சுத்தமாகிவிட மாட்டேன்.

அதற்காக ஃபிளாட்டை இடித்துவிட்டுப் போக முடியுமா? முடியாது. பாக்கி இ.எம்.ஐ இருக்கிறது, போக வேறு இடமும் இல்லை. பார்த்தீர்களா... எனக்கென்று வரும்போது 'வேற இடத்துக்குப் போயிடலாம்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியவில்லை!

நான் கேட்பது பெரிய தியாகம் எதுவும் இல்லை. வீடு வேண்டும், ரோடு வேண்டும், ஏர்போர்ட்கூட வேண்டும். சில சமயம் யாராவது நகரத்தான் வேண்டியிருக்கும். ஆனால், 'வேற இடம் இருக்கு' என்று யார் சொல்கிறாரோ அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். எந்த இடம்? அங்கே ஏற்கெனவே யார்? சாப்பாடு போதுமா? போனவர்கள் அடுத்த வருஷம் இருக்கிறார்களா என்று எண்ணப்போவது யார்? இந்த நாலுக்கும் பதில் வந்த பிறகு முதல் லாரி வரட்டும். இன்று நடப்பது தலைகீழ். லாரி முதலில் வருகிறது. நிரூபிக்கிற பொறுப்பு பறவை மேலும், குடிசை மேலும் விழுகிறது.

இதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா? வருகிறது. 2023 ஆகஸ்ட்டில் அதே சேமங்கத்தில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில், உலக சாரணர் பெருவிழா நடந்தது. பிள்ளைகள் 40,000-க்கும் மேல். வெயில் சுட்டெரித்தது, மழைத் தண்ணீர் வடியவில்லை, கடைசியில் புயலும் வரப்போகிறது என்றார்கள். உடனே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் வந்தன. எந்தப் பிள்ளை எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் தங்கும் என்று முடிவு செய்து கூட்டிப் போனார்கள். ஆக, மனசு வைத்தால் விலாசத்தோடு இடமாற்றம் செய்ய நமக்குத் தெரியும்!

அதே சேமங்கத்தில் மிஞ்சிய சதுப்பை ஒட்டி விமான நிலையம் கட்டும் திட்டத்தை, 2025 செப்டம்பரில் சோல் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. பறவை மோதும் ஆபத்தையும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் சரியாக ஆராயவில்லை என்பது காரணம். அரசு மேல்முறையீடு செய்தது. முடிவு எப்படியோ போகட்டும். 'எந்த இடத்துக்கு?' என்று ஒரு நீதிபதியும் கேட்டுவிட்டார் என்பதில் அப்பாவுக்கு ரொம்பத் திருப்தி.

மஞ்சள் கடலின் சீனக் கரையிலும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. கடலைத் தூர்க்கும் வியாபாரத் திட்டங்களில் பெரும்பாலானவற்றை 2018-ல் நிறுத்தினார்கள். மறு வருஷம் யான்செங் கரையோரச் சேற்றுவெளி உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. அங்கே தியாவ்சினி என்ற இடத்தில் 2020-ல் 48 ஹெக்டேர் நிலத்தைப் பறவைகளுக்காகவே ஒதுக்கினார்கள். கடல் ஏறும்போது கால் வைத்து நிற்க ஒரு திண்ணை. பறவைகள் வந்து நிற்கின்றன.

நமக்கும் இது புதிதில்லை. வேடந்தாங்கலில் 1790-களிலேயே ஊர்க்காரர்கள் வெள்ளைக்கார கலெக்டரிடம் போய், எங்கள் ஏரிப் பறவைகளைச் சுடக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிக்கு வருகிற பறவைகளுக்காகப் பல பத்து வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 'ஒரு நாள்தானே, சத்தத்துக்கு வேற இடத்துக்குப் போயிட்டு வரட்டும்' என்று அந்த ஊர்க் குழந்தைகள்கூட சொல்வதில்லை. குழந்தைக்கு வெடியை மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் குழந்தை இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பால்கனி மனையில் பிறகு அஞ்சு மாடி எழுந்தது. 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தது. சுமார் 250 சதுர கிலோமீட்டரிலிருந்து வடிந்துவருகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு மெதுவாக அனுப்புவதுதான் பள்ளிக்கரணையின் உத்தியோகம். அதன் இடத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டோமே! எங்கள் அடித்தளத்தில் இடுப்பளவு, எதிர் பில்டிங்கிலும் இடுப்பளவு. மூன்று நாள் கரன்ட் இல்லை. மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னார். ''தண்ணிக்கு மட்டும் பழைய அட்ரஸ் மறக்கலைடா.''

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்க் கணக்காகிவிடும்.

ஊர் வீட்டைப் பூட்டிய அன்று, என் தங்கை தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். ''அப்பாவுக்கு அங்க பிடிக்குமா அண்ணா? இங்க வாய்க்கால், கோயில், திண்ணைப் பேச்சுன்னு இருந்தவரு...''

''பழகிடுவார்'' என்றேன். கார் டிக்கியில் பெட்டியை ஏற்றிக்கொண்டே.

அதுவும் அதே வாக்கியம்தான் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. மனை மூடிய பிறகு அப்பா அந்த நோட்டை எடுக்கவே இல்லை. பிளாஸ்டிக் சேர் மட்டும் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. நானும் கவனிக்கவில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில் அப்பாவைக் காரில் உட்காரவைத்துப் பள்ளிக்கரணை சதுப்போரம் கூட்டிப் போனேன். ஒரு புது நோட்டும் வாங்கியிருந்தேன். தூரத்தில் பூநாரைகள். பக்கத்தில் உள்ளான் கூட்டம், தலை நிமிராமல் சேற்றைக் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தது. இன்னும் சில நாளில் கிளம்பிவிடும். அப்பாவுக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது. ஆனாலும் தேதி போட்டு, கோடு கிழித்து, எழுத ஆரம்பித்தார்.

ரொம்ப நாளாக உள்ளுக்குள் வைத்திருந்த கேள்வியை அன்றைக்குக் கேட்டேவிட்டேன்.

''இந்த இடம் உங்களுக்குப் பழகிடுச்சாப்பா?''

அப்பா திரும்பவில்லை. பென்சில் நுனியால் தூரத்தைக் காட்டி உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

''இருடா... நடுவுல பேசாதே. எண்ணிக்கை விட்டுப்போயிடும்.''